ஒரே பிளைவுட் ஷீட்டில் இரட்டைக் கதவு அலமாரி: வீட்டிலேயே செய்ய முழு வழிகாட்டி

முதல்முறை அலமாரி செய்ய இறங்குகிறவர்கள் பயப்படுவது ரம்பத்துக்குத்தான். நேராக அறுக்க வருமா, கை போய்விடுமா என்ற பயத்திலேயே பாதிப் பேர் ஆசாரிக்குப் போன் போட்டுவிடுகிறார்கள். உண்மையில் அறுப்பதுதான் இந்த வேலையில் மிகச் சுலபமாகக் கைமாற்றிவிடக்கூடிய பகுதி. ஓரளவு பெரிய பிளைவுட் கடைகள் பலவற்றில் பேனல் ரம்பம் இருக்கிறது. அளவுச் சீட்டைக் கொடுத்தால், வெட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு நூல் பிடித்த மாதிரி அறுத்துத் தந்துவிடுவார்கள். கடைக்காரர் செய்து தராத காரியங்கள் இரண்டு: பெட்டி கோணாமல் நிற்பது, ஓரங்கள் தண்ணீர் குடிக்காமல் இருப்பது. அலமாரி எத்தனை வருஷம் நிற்கும் என்பதை இந்த இரண்டும்தான் முடிவு செய்கின்றன. அதனால் இந்த வழிகாட்டியில் அறுக்கும் வேலை கிட்டத்தட்ட இல்லை. அளப்பது, துளை போடுவது, கூட்டுவது, பூசுவது, கதவு மாட்டுவது மட்டும்தான்.

என்ன செய்யப் போகிறோம்

4 அடி உயரம், 2 அடி அகலம், கிட்டத்தட்ட 16 அங்குல ஆழத்தில், இரண்டு கதவும் மூன்று அறைகளும் உள்ள, தரையில் நிற்கும் அலமாரி. புத்தகம், பிள்ளைகளின் பள்ளிச் சாமான், மருந்துப் பெட்டி, மடித்த துணி என்று எதையும் வைக்கலாம். எல்லாப் பலகைகளும் 8 × 4 அடி அளவுள்ள ஒரே 18 மி.மீ. பிளைவுட் ஷீட்டில் அடங்கும்படி அளவு போட்டிருக்கிறேன். பின்பலகைக்கு மட்டும் 6 மி.மீ. பிளைவுட்டில் 4 × 2 அடித் துண்டு ஒன்று தனியாக வேண்டும்.

அகலத்தை 2 அடியில் நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. ஓர் அடி நீளத்துக்கு அடுக்கிய புத்தகம் சுமார் 10 கிலோ வரும். 18 மி.மீ. தட்டு 2 அடி இடைவெளியில் அந்தச் சுமையை அசையாமல் தாங்கும். 3 அடியைத் தாண்டினால் சில மாதங்களில் நடுவில் தொய்யத் தொடங்கும். பெரிய அலமாரி வேண்டுமென்றால் இதே மாதிரி இரண்டு செய்து பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவதே மேல். வீடு மாற்றும்போதும் மாடிப்படியில் சிரமமில்லாமல் ஏறும்.

தேக்கு, வேம்பு போன்ற அசல் மரத்தில் செய்யக் கூடாதா என்று கேட்பார்கள். செய்யலாம். ஆனால் அகலமான மரப்பலகை மழைக்காலத்தில் விரியும், கோடையில் சுருங்கும். அதற்கு இடம் விட்டு இணைக்கத் தெரிய வேண்டும். அது அடுத்த கட்டம். பிளைவுட்டில் ஒவ்வோர் அடுக்கின் நாரும் அடுத்ததற்குக் குறுக்காகப் போவதால் அது அவ்வளவாக அசையாது. மரநாரையும் மரத்தூளையும் பசையில் அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு இரண்டையும் இந்த வேலைக்கு நான் சொல்லமாட்டேன். தினமும் ஈரத்துணியால் துடைக்கும் தரையில் நிற்கும் பொருள் இது. ஒருமுறை தண்ணீர் ஏறினால் அவை ஊதிவிடும், பிறகு பழைய நிலைக்கு வராது.

பிளைவுட் வாங்கும்போது

கடையில் முதலில் வரும் கேள்வி "எம்.ஆரா, பி.டபிள்யூ.பி.யா?" என்பதுதான். எம்.ஆர். என்பது காற்றின் ஈரப்பதத்தைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. பி.டபிள்யூ.ஆர். அதற்கு மேல், கொதிநீரையும் ஓரளவு தாங்கும். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பி.டபிள்யூ.பி., அதாவது 'மரைன்' வகை, 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் அடுக்கு பிரியக் கூடாது என்ற சோதனையைக் கடந்தது. தரையில் நிற்கும் அலமாரிக்கு பி.டபிள்யூ.ஆர். குறைந்தபட்சம். தரைத்தளம், கடலோர ஊர், குளியலறைச் சுவரை ஒட்டிய இடம் என்றால் 710தான். ஷீட்டின் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அந்த எண்ணும் அச்சிட்டிருக்க வேண்டும். "இதுவும் வாட்டர்புரூஃப்தான் சார்" என்று வாயால் சொல்வது கணக்கில் வராது.

முத்திரை பார்த்தபிறகு ஷீட்டையே பாருங்கள். ஓரத்தில் குனிந்து அடுக்குகளைக் கவனியுங்கள். இடையில் கறுப்பாக ஓட்டை தெரிந்தால் உள்ளேயும் அப்படி இருக்கும். அந்த இடத்தில் ஸ்க்ரூ பிடிக்காது. கைவிரல் முட்டியால் ஷீட் முழுக்கத் தட்டிப் பாருங்கள். ஒரே சத்தம் வர வேண்டும், எங்காவது 'டொப்' என்று வெற்றுச் சத்தம் கேட்டால் வேறு ஷீட் கேளுங்கள். பிறகு ஒரு முனையில் நின்று ஓரத்தை ஒரு கண்ணால் நோட்டம் விடுங்கள். இப்போதே வளைந்திருக்கும் ஷீட்டில் செய்த கதவு ஒருநாளும் மூடிய இடத்தில் நிற்காது.

கடைசியாக ஒன்று, பெரும்பாலோர் விட்டுவிடுவது. பலகையின் உண்மையான தடிமன். 18 என்று விற்பது 17 ஆகவும் இருக்கும், 17.5 ஆகவும் இருக்கும். கடையில் வெர்னியர் இருந்தால் வாங்கி அளந்துபாருங்கள். ஏனென்றால் உள்ளே பொருந்தும் பலகைகளின் நீளம் இதை வைத்துத்தான் வருகிறது: 600 மி.மீ. வெளி அகலத்தில் இரண்டு பக்கத் தடிமனைக் கழிக்க வேண்டும். தடிமன் 18 என்றால் 564. 17 என்றால் 566. கீழே உள்ள பட்டியலில் 564 என்று வரும் இடத்தையெல்லாம் உங்கள் ஷீட்டுக்கு ஏற்ப மாற்றிய பிறகே அறுக்கக் கொடுங்கள்.

விலை சதுர அடிக் கணக்கு. ஒரு ஷீட் 32 சதுர அடி. சொல்லும் விலையில் ஜி.எஸ்.டி. சேர்ந்ததா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெட்டுப் பட்டியல்

அளவுகள் எல்லாம் மில்லிமீட்டரில். கடையிலும் ஆசாரிகளிடமும் அங்குலமும் நூலும் புழங்கும். 8 நூல் ஓர் அங்குலம், ஒரு நூல் 3 மி.மீ.க்குச் சற்று மேல். கீல் மாட்டும் வேலைக்கு அந்த அளவு முரடு. ஒரே அலமாரிக்குள் இரண்டு கணக்கையும் கலந்தால் எங்காவது இடிக்கும். டேப்பில் ஒரு பக்கத்தை மட்டும் பாருங்கள்.

18 மி.மீ. பிளைவுட்:
- பக்கப் பலகை – 2 – 1182 × 360
- கதவு – 2 – 1095 × 297
- மேல் பலகை – 1 – 600 × 400
- அடிப் பலகை – 1 – 564 × 360
- நிலைத் தட்டு – 1 – 564 × 340
- நகர்த்தும் தட்டு – 1 – 562 × 340
- பட்டி – 3 – 564 × 80 (முன்பாதம், பின்பாதம், மேலே பின்புறம்)

6 மி.மீ. பிளைவுட்:
- பின்பலகை – 1 – 1100 × 598

அறுப்பவரிடம் வரிசையையும் சொல்லுங்கள். முதலில் 8 அடி நீளவாக்கில் 360, 297, 400, 80 என்று நான்கு கீற்றுகள். ஒவ்வோர் அறுப்பிலும் பிளேடு 3 முதல் 4 மி.மீ. தின்னும், அதைக் கழித்தாலும் கடைசியில் இரண்டரை அங்குலக் கீற்று மீதமாகும். பிறகு 360 கீற்றிலிருந்து இரண்டு பக்கங்கள், 297 கீற்றிலிருந்து இரண்டு கதவுகள், 400 கீற்றிலிருந்து மேல் பலகை, அடிப் பலகை, தட்டுகள், 80 கீற்றிலிருந்து மூன்று பட்டிகள். 400 கீற்றில் வரும் அடிப் பலகையையும் தட்டுகளையும் பிறகு 360க்கும் 340க்கும் அகலம் குறைக்க வேண்டும். இப்படி வெட்டினால் மேல் நார் கதவிலும் பக்கத்திலும் நெட்டாகவும், தட்டுகளில் குறுக்கு நீளமாகவும் ஓடும். பலம் அப்படித்தான் வரும்.

ஜோடியாக வரும் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். இரண்டு பக்கப் பலகைகளும் ஒரு மி.மீ. கூட வித்தியாசமில்லாமல் இருக்க வேண்டும். மூன்று பட்டிகளும், அடிப் பலகையும், நிலைத் தட்டும் ஒரே நீளம். இங்கே வித்தியாசம் இருந்தால் கடையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே சரிசெய்து வாங்குங்கள். மீந்த துண்டுகளையும் கேட்டு வாங்கி வாருங்கள். கதவுக் கீற்றில் மிஞ்சும் துண்டில் ஒரு வேலை இருக்கிறது.

முழு ஷீட் 32 கிலோவிலிருந்து 37 கிலோ வரை இருக்கும், லிஃப்டில் போகாது. அறுத்த பலகைகளை ஆட்டோவிலேயே கொண்டுவந்துவிடலாம். கடையில் அறுப்பதில் இது இரண்டாவது லாபம்.

கருவியும் சாமானும்

டிரில்லிங் மெஷின் ஒன்று அவசியம். பேட்டரியில் ஓடுவது ஸ்க்ரூ முடுக்கச் சௌகரியம்; சுவரில் துளை போட இம்பாக்ட் டிரில்லைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிக்கொள்ளலாம். 3 மி.மீ., 4.5 மி.மீ., 5 மி.மீ. பிட்டுகள், ஸ்க்ரூ தலை உள்ளே அமிழக் குழி போடும் கவுண்டர்சிங்க் பிட், கீல் குழிக்கு 35 மி.மீ. பிட். டேப், மூலைமட்டம், ரசமட்டம், கூரான பென்சில். பலகைகளைச் சேர்த்துப் பிடித்து இறுக்க, குறைந்தது இரண்டு எஃப் கிளாம்ப். கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம். பிளைவுட் தூசி பசையும் மருந்தும் கலந்தது.

சாமான்: 8 நம்பர், 50 மி.மீ. நீள ஸ்க்ரூ 40, பின்பலகைக்கு 16 மி.மீ. ஸ்க்ரூ 30, மரப்பசை அரை கிலோ, ஆட்டோ கீல் (கதவில் கிண்ணம் பதிக்கும், தானாக மூடும் வகை) 6, தட்டுத் தாங்கும் 5 மி.மீ. பின் 4, கைப்பிடி 2, தரையில் பதிக்கும் நைலான் பாதம் 4. ஸ்க்ரூவில் கஞ்சம் பார்க்க வேண்டாம். ஜிப்சம் வேலைக்கு வரும் கறுப்பு ஸ்க்ரூ மலிவுதான், ஆனால் முடுக்கும்போது தலை ஒடியும், ஈரத்தில் துருப்பிடிக்கும். ஜிங்க் பூசிய சிப்போர்டு ஸ்க்ரூ நல்லது. சென்னை, நாகை, தூத்துக்குடிப் பக்கம் உப்புக்காற்றில் இருப்பவர்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேட்டு வாங்கவும்.

கீல் வாங்கும்போது "ஃபுல் ஓவர்லே, ஜீரோ கிராங்க்" என்று சொல்லி வாங்குங்கள். நம் கதவு பக்கப் பலகையின் முன் ஓரத்தை மூடி உட்காரும் வகை. 8 கிராங்க், 16 கிராங்க் என்று வேறு வகைகளும் அதே டப்பாவில் இருக்கும். மாற்றிக் கொடுத்துவிட்டால் கதவு பொருந்தவே பொருந்தாது.

குறி போடுதல்

இரண்டு பக்கப் பலகைகளையும் உள்பக்கம் மேலே தெரியும்படி அருகருகே படுக்க வையுங்கள், முன் ஓரங்கள் ஒன்றையொன்று தொட்டபடி. கீழ் முனை இரண்டும் ஒரே நேராக இருக்கட்டும். இனிப் போடும் ஒவ்வொரு கோட்டையும் மூலைமட்டம் வைத்து இரண்டு பலகைக்கும் சேர்த்து ஒரே இழுப்பில் இழுங்கள். ஒவ்வொன்றாக அளந்தால் தட்டு ஒரு பக்கம் சாயும்.

கீழிருந்து 80 மி.மீ.யில் ஒரு கோடு, 98இல் ஒரு கோடு: இவற்றுக்கு இடையே அடிப் பலகை உட்காரும். 498, 516: நிலைத் தட்டு. அப்போது கீழ் அறை 400 மி.மீ. உயரம் கிடைக்கும், ஏ4 ஃபைல்களும் உயரமான டப்பாக்களும் நிற்கும். மேலே மிஞ்சும் 666 மி.மீ.யை நகர்த்தும் தட்டு இரண்டாகப் பிரிக்கும். அதற்கான பின் துளைகளைக் கீழிருந்து 840இல் ஒன்று, அதற்கு மேலும் கீழும் 32 மி.மீ. இடைவெளியில் இரண்டிரண்டு, ஆக ஐந்து. முன் ஓரத்திலிருந்து 70 மி.மீ. உள்ளே ஒரு வரிசை, பின் ஓரத்திலிருந்து 50 மி.மீ. உள்ளே இன்னொன்று. 5 மி.மீ. பிட்டில் 10 மி.மீ. ஆழம் போதும். பிட்டில் 10 மி.மீ.யில் டேப் ஒட்டிக்கொண்டால் துளை மறுபக்கம் எட்டிப்பார்க்காது.

இப்போது ஸ்க்ரூக்களுக்கு. 80க்கும் 98க்கும் நடு 89. 498க்கும் 516க்கும் நடு 507. இந்த இரண்டு கோட்டிலும் முன்னாலிருந்து 50, 180, 310 என்று மும்மூன்று இடம் குறித்து, 4.5 மி.மீ. பிட்டால் முழுசாகத் துளையுங்கள். அடியில் ஒரு வேண்டாத கட்டையைக் கொடுத்துத் துளைத்தால் மறுபக்கம் சிலும்பாது. பிறகு வெளிப்பக்கம் திருப்பி, ஸ்க்ரூ தலை ஒரு மி.மீ. அமிழும் அளவு கவுண்டர்சிங்க். பட்டிகளுக்கும் இதே மாதிரி ஒவ்வொரு முனைக்கும் இரண்டு துளை: முன்பாதப் பட்டி முன் ஓரத்திலிருந்து 50 மி.மீ. உள்ளே தள்ளி, பின்பாதப் பட்டி பின் ஓரத்திலிருந்து 20 மி.மீ. உள்ளே தள்ளி, மேல் பட்டி பின் ஓரத்தோடு சமமாக, தலைப்பிலிருந்து கீழே.

பெட்டி கூட்டுதல்

பசை போடுவதற்கு முன் ஒருமுறை வெறுமனே பொருத்திப் பாருங்கள். பசை போட்டபிறகு யோசிக்க நேரம் இருக்காது.

ஒரு பக்கப் பலகையைத் தரையில் நீள ஓரத்தில் நிறுத்தி, அடிப் பலகையைக் கோடுகளுக்கிடையே வைத்துக் கிளாம்ப் போடுங்கள். ஏற்கெனவே போட்ட 4.5 மி.மீ. துளை வழியாக 3 மி.மீ. பிட்டை விட்டு, அடிப் பலகையின் ஓரத்தில் 35 மி.மீ. ஆழத் துளை போடுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. பிளைவுட்டின் ஓரத்தில் துளையில்லாமல் ஸ்க்ரூ முடுக்கினால் அடுக்குகள் உப்பிப் பிரியும். அந்த இணைப்பில் பசை இருந்தும் பயனில்லை. பிறகு பிரித்து, ஓரத்தில் பசையைச் சன்னமாகவும் முழுதாகவும் தடவுங்கள். பிளைவுட் ஓரம் பசையைக் குடிக்கும். ஒரு நிமிஷம் விட்டு இரண்டாவது கை தடவினால் பிடிப்பு நன்றாக இருக்கும். மறுபடி பொருத்தி ஸ்க்ரூக்களை முடுக்குங்கள். வெளியே பிதுங்கும் பசையை அப்போதே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். காய்ந்த பசையின் மேல் பெயின்ட் ஒட்டாது.

இதே முறையில் நிலைத் தட்டு (முன்பக்கம் 20 மி.மீ. உள்ளே தள்ளி), மூன்று பட்டிகள். பிறகு பெட்டியைத் திருப்பி மறுபக்கப் பலகை. இந்தக் கட்டத்துக்கு இரண்டாவது ஆள் ஒருவர் இருந்தால் நல்லது, பிடித்துக்கொள்ள மட்டும்.

மூலைவிட்டம்

பசை ஈரமாக இருக்கும்போதே, அவசரமாக, ஆனால் பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை இது. பெட்டியை முன்பக்கம் கீழே இருக்கும்படி சமதரையில் படுக்க வையுங்கள். இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்கு டேப் பிடியுங்கள். பிறகு வலது மேலிருந்து இடது கீழுக்கு. 1182க்கு 600 உள்ள பெட்டிக்கு இரண்டுமே 1325.5 மி.மீ. அளவில் வர வேண்டும். எண்ணை விட முக்கியம், இரண்டும் சமமாக இருப்பது. வித்தியாசம் ஒரு மி.மீ.க்குள் என்றால் சரி. 4, 5 மி.மீ. என்றால் பெட்டி சாய்சதுரமாக நிற்கிறது என்று அர்த்தம்; நீளமாக இருக்கும் மூலைவிட்டத்தின் இரண்டு முனைகளையும் கிளாம்பில் பிடித்து மெல்ல இறுக்கினால் வந்துவிடும்.

சமமானதும், கிளாம்பை எடுக்காமலே பின்பலகையை வையுங்கள். அதன் கீழ் ஓரம் அடிப் பலகையின் கீழ் ஓரத்துக்கு 2 மி.மீ. மேலே வரும். இரு பக்கங்களிலும் ஒரு மி.மீ. உள்ளே. 3 மி.மீ. பிட்டால் 6 மி.மீ. பலகையில் மட்டும் துளையிட்டு, 16 மி.மீ. ஸ்க்ரூவை 15 செ.மீ.க்கு ஒன்றாக முடுக்குங்கள். ஆணி வேண்டாம், பசையும் வேண்டாம். பெயின்ட் அடிக்க இதைக் கழற்றப் போகிறோம். மெல்லிய பலகைதானே என்று தோன்றும். அலமாரி பக்கவாட்டில் ஆடாமல் நிறுத்துவது இதுதான். மறுநாள் வரை அப்படியே கிடக்கட்டும்.

மேல் பலகையை மறுநாள் வையுங்கள். பக்கப் பலகையின் முன் ஓரத்தைத் தாண்டி முன்னால் 24 மி.மீ. நீட்டட்டும், கதவின் 18, இடைவெளி 2, மேலே 4 துருத்தும். பின்னால் 16 மி.மீ. நீளும். நம் வீடுகளில் தரையோரம் டைல்ஸ் ஸ்கர்ட்டிங் துருத்திக்கொண்டு நிற்பதால் எந்த அலமாரியும் சுவரோடு ஒட்டாது. அந்தச் சந்தை மேல் பலகை மூடிவிடும். உங்கள் ஸ்கர்ட்டிங்கின் கனம் 10 மி.மீ.க்கு அதிகமென்றால் அதை அளந்து, 10க்கு மேல் வரும் அளவு மட்டும் மேல் பலகையைப் பின்தள்ளுங்கள். மேலிருந்து பக்கத்துக்கு மும்மூன்று ஸ்க்ரூ, பசை, கவுண்டர்சிங்க்.

ஓரமும் பெயின்டும்

லேமினேட் ஒட்டுவதை முதல் அலமாரிக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். பார்க்க அழகு, ஆனால் ஷீட் ஒட்டிப் பளு வைக்க வேண்டும், ஓரம் சீவ டிரிம்மர் வேண்டும், ஒட்டியபின் திருத்த முடியாது. பெயின்ட் மன்னிக்கும். ஸ்க்ரூ குழி, சிலும்பல், சின்ன இடைவெளி எல்லாம் பட்டிப் பூச்சில் (பலகைப் பட்டி அல்ல, ஓட்டை அடைக்கும் புட்டி) மறையும்.

பின்பலகையைக் கழற்றித் தனியே வையுங்கள். பெட்டி இப்போது இரு பக்கமும் திறந்திருப்பதால் உள்ளே பிரஷ் எளிதாகப் போகும். 120 நம்பர் உப்புத்தாளால் எல்லா முகங்களையும் நார் ஓடும் திசையில் தேயுங்கள். வெளிக் கூர்முனைகளை லேசாக மழுக்குங்கள், கூர்முனையில் பெயின்ட் நிற்காது. தூசியைத் துடைத்து வுட் பிரைமர் ஒரு கோட். காய்ந்ததும் ஸ்க்ரூ குழிகளிலும் வெட்டு ஓரங்கள் முழுக்கவும் பட்டி. ஓரத்துக்கு இரண்டு முறை பட்டி போட வேண்டிவரும். 180இல் தேய்த்து இன்னொரு கோட் பிரைமர், 320இல் மெதுவாகத் தேய்த்து எனாமல் இரண்டு கோட். 4 அங்குல ஃபோம் ரோலரில் அடித்தால் பிரஷ் கோடு விழாது. வாட்டர் பேஸ் எனாமலில் வாடை குறைவு, சீக்கிரம் காயும். குழந்தைகள் இருக்கும் ஃபிளாட்டுக்கு அதுவே உசிதம்.

கதவின் இரு முகத்துக்கும் ஒரே எண்ணிக்கையில் கோட் அடியுங்கள். வெளியே மூன்று, உள்ளே ஒன்று என்று விட்டால் ஒரு பக்கம் மட்டும் ஈரம் இழுத்துக் கதவு வளையும்.

இன்னும் முக்கியம், யாரும் பார்க்காத இடம்: பக்கப் பலகைகளின் அடி ஓரம். வீடு துடைக்கும் தண்ணீர் ஏறுவதும் கறையான் நுழைவதும் அங்கேதான். பிரைமர் ஊறும்வரை இரண்டு மூன்று கை, அதற்குமேல் எனாமல், பிறகு நைலான் பாதம் நான்கு. பலகை தரையைத் தொடாமல் சில மி.மீ. மேலே நிற்கும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்தக் கட்டத்தைத் தொடங்காதீர்கள். பெயின்ட் காய்ந்தது போலிருக்கும், தட்டில் வைத்த புத்தகம் ஒட்டிக்கொள்ளும்.

கதவு

மீந்த 297 அகலத் துண்டு இப்போது வேண்டும். கீல் குழியை முதலில் அதில் போட்டுப் பழகுங்கள். ஓரத்திலிருந்து 22 மி.மீ.யில் மையம், 35 மி.மீ. பிட், ஆழம் 12 முதல் 13 மி.மீ. பிட்டின் நடுக்கூர் இன்னும் கொஞ்சம் கீழே போகும், 18 மி.மீ. பலகையில் அது மறுபக்கம் எட்டாமல் இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் இந்த ஒத்திகை. டிரில்லைச் செங்குத்தாக, மெதுவான வேகத்தில் பிடியுங்கள்.

கதவின் கீழ் முனையிலிருந்து 100, 548, 995 மி.மீ.யில் குழிகள். 1095 உயரக் கதவுக்கு இரண்டு கீல் போதாது, மூன்று வேண்டும். கதவு தரையிலிருந்து 84 மி.மீ. உயரத்தில் தொடங்குவதால், பக்கப் பலகையில் கீலின் அடித்தட்டு கீழிருந்து 184, 632, 1079இல் வரும். முன் ஓரத்திலிருந்து 37 மி.மீ. உள்ளே அதன் ஸ்க்ரூ வரிசை. இந்த மூன்று உயரமும் எந்தத் தட்டோடும் மோதாது. தட்டின் உயரத்தை மாற்றினால் இதையும் மறுபடி கணக்கிடுங்கள். நைலான் பாதத்தின் உயரம் இந்த எண்களில் இல்லை. பலகையின் அடி ஓரத்திலிருந்து அளக்கிறோம்.

கதவில் கீலின் கிண்ணத்தைப் பதித்து, மூலைமட்டத்தால் நேராக்கி, 2 ஸ்க்ரூ. பிறகு கதவைத் தூக்கிப் பிடித்து மேல் கீலை முதலில் மாட்டுங்கள், கதவு தொங்கி நிற்கும், மற்ற இரண்டும் சுலபம். மூடிப் பார்த்தால் முதலில் கோணலாகத்தான் தெரியும். கீலில் உள்ள திருகுகளில் ஒன்று கதவை இடம் வலமாக நகர்த்தும், ஒன்று முன் பின்னாக, அடித்தட்டுத் திருகுகள் மேல் கீழாக. இடம் வலத்தை முதலில் பாருங்கள்: இரண்டு கதவுக்கும் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரே 3 மி.மீ. சந்து வர வேண்டும். மேலே அகலம், கீழே குறுகல் என்றால் மேல் கீலை மட்டும் கால் திருகு. ஒவ்வொரு கால் திருகுக்கும் மூடிப் பாருங்கள். மேல் பலகையின் அடியில் 3 மி.மீ. சந்து இருக்கட்டும். எவ்வளவு திருகினாலும் சந்து சீராகவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் கீலில் இருக்காது. தரை மட்டமில்லை. ரசமட்டம் வைத்து, தாழ்ந்த பாதத்தின் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டு கொடுங்கள். கதவு தானாக ஒழுங்குக்கு வரும்.

கைப்பிடிக்கு முகப்பிலிருந்து துளையிடுங்கள், பின்னால் கட்டை கொடுத்து. உயரம் உங்கள் வீட்டார் விருப்பம்.

சுவரோடு பிணைத்தல்

பெயின்ட் காய்ந்த பின்பலகையைத் திரும்ப மாட்டி, அலமாரியை இடத்தில் நிறுத்துங்கள். இது ஆள் உயரப் பீரோ இல்லையே என்று இந்தப் படியை விட்டுவிடாதீர்கள். இரண்டு கதவும் திறந்திருக்கும்போது எடை முன்னால் சாயும். அப்போது ஒரு குழந்தை தட்டில் ஏறினால் முப்பது கிலோவுக்கு மேல் உள்ள பெட்டி குழந்தையின் மேலேயே விழும்.

மேலே பின்புறம் வைத்த பட்டி இதற்காகத்தான். பட்டி, பின்பலகை வழியாக இரண்டு இடத்தில், பக்கங்களிலிருந்து 10 செ.மீ. உள்ளே துளை போட்டுச் சுவரில் குறியிடுங்கள். 8 மி.மீ. கான்கிரீட் பிட், பிளக், 75 மி.மீ.க்குக் குறையாத ஸ்க்ரூ. சுவருக்கும் பின்பலகைக்கும் இடையிலுள்ள சந்தில், ஸ்க்ரூ வரும் இடத்தில், ஸ்கர்ட்டிங் கனத்துக்கு ஒரு கட்டை வையுங்கள். இல்லையென்றால் முடுக்கும்போது அலமாரி பின்னால் சாயும். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் துளையிட வேண்டாம், வயர் பைப் அந்த வழியாகத்தான் போகும். புதிய அடுக்குமாடிகளில் சுவர் ஏ.ஏ.சி. பிளாக்காக (காற்றுக்குமிழி நிறைந்த லேசான கான்கிரீட் கல்) இருக்கலாம், துளையிடும்போது வெண்மையான மாவு போல் தூள் கொட்டினால் அதுதான். சாதாரண பிளக் அதில் நிற்காது, அதற்கென்று வரும் பிளக்கைக் கேட்டு வாங்குங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு இரண்டு துளை போடுங்கள். காலி செய்யும்போது பட்டி பூசி அடைத்துவிடலாம்.

கனமானதைக் கீழ் அறையில் அடுக்குங்கள். பொருள் ஏறியபின் ஓரிரு வாரத்தில் கதவு லேசாக இறங்கும். கீல் திருகுகளை ஒருமுறை சரிபார்த்தால் போதும். மீந்த பிளைவுட் துண்டுகளை வெந்நீர் அடுப்பில் போட்டுவிடாதீர்கள். பசையும் பூச்சி மருந்தும் ஏறிய கட்டை, அதன் புகை ஆகாது. இரண்டரை அங்குலக் கீற்று மட்டும் 8 அடி நீளத்தில் முழுசாக மிஞ்சும், அதில் கொக்கி அடித்தால் சாவி, குடை, பை மாட்ட இரண்டு பட்டி தேறும்.